சுடுகாட்டுப் பாதையும் மைக்செட்டின் ஆரூடமும்

தேர்தல் முடிவை இத்தனை உறுதியோடு, இத்தனை தப்பாகச் சொல்லக்கூடிய மனிதர் புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் மைக்செட்டுக்கு முன்னால் பிறக்கவில்லை. இனிமேல் பிறந்தாலும் எனக்கு அவரோடு பேச்சுவார்த்தை கிடையாது.

எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர் அவர்; பெயரும் அதனால் வந்ததுதான். மேடைக்குக் கீழே ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். ஊருக்கு வந்த அத்தனை வாக்குறுதிகளும் அவர் காதைத் தாண்டித்தான் வெளியே போயின. அப்படிப்பட்டவர் ஒருத்தனையும் நம்பக் கூடாது. மைக்செட் நம்பினார்.

"பொய் சொன்னா மைக்கு கூவும்பா" என்பார்.

"ஒயர் லூஸுண்ணே."

"ஒயரு எல்லாருக்கும் ஒண்ணுதான? அவனுக்கு மட்டும் இன்னாத்துக்குக் கூவுது?"

நாலு பத்திரிகை படித்த நானும் ஒயரை ஒருமுறை ஆட்டிப் பார்த்தேன்.

அவர் மைக் சோதித்தது ஒரே ஒரு வாக்குறுதியைத்தான்: அவர்கள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் பாதை. இருந்தது வயல் வரப்பு மட்டும். மழைக்காலத்தில் அவர் மனைவியைத் தூக்கிப் போனபோது ஒருவர் கால் வழுக்கிப் பாடையே சேற்றில் சரிந்தது. "அவ மேல சேறு பட்டுச்சுபா" என்று ஒருமுறை சொன்னார். 'பாதை போடுவேன்' என்று சொல்லும்போது எவனுக்கு மைக் கூவவில்லையோ, அவன்தான் ஜெயிப்பான் என்பது அவர் கணக்கு.

ஓட்டுப் போட்ட மை காய்வதற்குள் டீக்கடையில் எங்கள் பந்தயம் தொடங்கிவிடும். தோற்றவன் ஜெயித்தவனைச் சைக்கிள் கேரியரில் வைத்து ஏரிக்கரையில் ஓட்டிப்போக வேண்டும். நான் அரசியலை ஆராய்ந்ததே இல்லை. மைக்செட் சொன்னதற்கு எதிராகச் சொல்வேன், ஜெயிப்பேன். தேர்தல்தோறும் அவர் மூச்சிரைக்க மிதிக்க, நான் மூட்டை மாதிரி பின்னால் உட்கார்ந்து காற்று வாங்குவேன்.

விஷயம் பரவி, வேட்பாளர் ஒருவரே அவர் வீடு தேடி வந்துவிட்டார். "அண்ணே, எம் பேர மட்டும் சொல்லிடாதீங்க. எதிராளி ஜெயிப்பான்னு சொல்லுங்க, நல்லா இருப்பீங்க!"

"மைக்கு ஒனக்குக் கூவலியே, நான் இன்னா பண்றது?" என்று அவர் பெயரையே சொன்னார் மைக்செட். வேட்பாளர் பாதி தோற்ற முகத்தோடு போனார்.

ஆனால், ஜெயித்துவிட்டார்!

அன்று நான் மிதித்தேன். பின்னால் மைக்செட் மந்திரி மாதிரி இரு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே வந்தார். "மெதுவா மிதிபா, ஜனங்க பாக்கட்டும்" என்றார். எதிரே மேய்ந்த ஆடுகளுக்கும் ஒரு கும்பிடு.

பாதைக்கு அளந்தார்கள். அளந்தது சரியா என்று மறுபடி அளந்தார்கள். அளவுக்கல் ஒன்றில் மாடு கட்டினார்கள். பதவிக்காலம் முடிந்தது. அதே மனிதர் அதே மேடையில், அதே மைக்கில், அதே பாதையைப் போடுவேன் என்றார்.

மைக் கூவவில்லை.

கூட்டம் கலைந்ததும் மைக்செட் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து பார்த்தார், மூடினார். "ஒயரு லூஸுதாம்பா" என்றார். அவர் தோற்று நான் பார்த்தது அன்றுதான். அதற்கு முன்னால் பந்தயத்தில்தான் தோற்றிருந்தார்.

ஓட்டுப் போட்ட சாயங்காலம் வழக்கம்போலக் கேட்டேன்: "யாருண்ணே?"

"எவனா இருந்தா இன்னா? எவன் வந்தாலும் பாதை வராது. இதான் இந்த வாட்டி என் பந்தயம்."

எதிராகச் சொல்லியே பழகிய வாய். "வரும்" என்றேன்.

"இன்னா தைரியம்பா ஒனக்கு!" என்று சிரித்தார்.

அடுத்த ஐப்பசி மழையில் மைக்செட் போய்ச் சேர்ந்தார். ஜெயித்தவர் வீட்டிலிருந்து பெரிய மாலை வந்தது. பாதை வரவில்லை. ஆக, பந்தயத்தில் அவர்தான் ஜெயித்திருந்தார்.

பாடை தூக்கப் போனபோது என் பருத்த உடம்பைப் பார்த்துத் தயங்கினார்கள். நான் கேட்கவில்லை, முன்பக்கம் தோள் கொடுத்தேன். முழங்கால் வரை சேறு. ஒரு காலைப் பிடுங்கி வைப்பதற்குள் அடுத்த கால் உள்ளே போனது. அவர்மேல் ஒரு சொட்டு படாமல் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

புறப்படுமுன் நான் ஒன்று கேட்டிருந்தேன்: "ஏரிக்கரைப் பக்கமா ஒரு சுத்து போயிட்டுப் போலாமா?"

துக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்து யாரோ என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள்.