பண்ணை வழங்கிய கிறிஸ்துமஸ் பரிசுகள்

பெத்லகேமுக்கு அடுத்தபடியாகக் கிறிஸ்துமஸின் உட்பொருளை முழுமையாக உணர்ந்த இடம் இந்தப் பூமியில் ஒன்று உண்டென்றால், அது நன்னிலத்துக்குத் தெற்கே இருக்கும் இராஜாங்கம் பண்ணையின் நெற்களம்தான். மைக்குக்கு முன்னால் நின்றபோது நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. என்னைச் சொல்லச் சொல்லியிருந்தது வேறு.

பண்ணையார் இராஜாங்கம் கிறிஸ்தவர் அல்லர். அதனாலேயே எங்கள் பண்டிகையை அவரால் ஒரு நிர்வாகியின் கண்ணோடு பார்க்க முடிந்தது. அவருடைய வயலில் வேலை செய்து, அவருடைய நிலத்திலேயே குடிசை போட்டிருந்த வேதக்காரத் தெருவினர் நாங்கள். கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி எடுப்போம், பலகாரம் சுடுவோம். இரண்டுமே தீர்ந்துபோகிற பொருள்கள்.

"பரிசுன்னா நெலச்சு நிக்கணும். நாலு பேருக்குப் பயன்படணும்" என்றார் பண்ணையார்.

அந்த நாலு பேரும் அவர் வீட்டிலேயே இருந்தார்கள்.

தரங்கம்பாடியிலிருந்து நான் கல்யாணமாகி வந்த வருஷம் கிடைத்தது கதிர் அரிவாள். வண்ணக் காகிதம் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டி, வீட்டுக்கு ஒன்று. கிறிஸ்துமஸ் மார்கழியில் வருகிறது. சம்பா அறுவடை தையில் வருகிறது. இந்தத் தெய்வீகப் பொருத்தத்தை அதுவரை எந்தப் போதகரும் கவனித்ததில்லை.

விழாவில் ஒரு வழக்கம் உண்டு. பரிசு வாங்கியவர் அதை அங்கேயே, எல்லார் முன்னிலையிலும் 'பயன்படுத்திக் காட்ட' வேண்டும். முன்னதாக விளைந்துவிட்ட வயல் ஒன்று களத்துக்குப் பக்கத்திலேயே தயாராக இருந்தது. ஆராதனைக்கு உடுத்திய புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாங்கள் வயலில் இறங்கிப் பயன்படுத்திக் காட்டினோம். பொழுது சாயும்வரை காட்டினோம்.

சங்கத்துக்காரர்கள் செங்கொடியோடு வந்து, "வேலைக்கு நேரம் காலம் வேண்டாமா?" என்று கேட்ட வருஷம், பண்ணையார் அந்தக் கோரிக்கையை மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டு ஆளுக்கொரு அலாரம் கடிகாரம் கொடுத்தார். அலாரம் விடியற்காலை நாலுக்கு வைக்கப்பட்டிருந்தது. அதை மாற்றுகிற திருகு கழற்றப்பட்டிருந்தது. குழந்தைகள் கெடுத்துவிடக் கூடாதே. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் பொறுப்பைக் காரியஸ்தர் இளையபெருமாள் ஏற்றிருந்தார். அந்தியில் வீடு வீடாக வந்து, முறுக்கிவிட்டு, நலம் விசாரித்துவிட்டுப் போவார்.

கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட வருஷம், பித்தளையில் விரல் உயர மரக்கால்.

"நெல்லு தின்னாத் தீந்துபோயிரும் அமிர்தம். மரக்கால் நிக்கும்" என்று எனக்கு விளக்கினார் பண்ணையார். பயன்படுத்திக் காட்டும் கட்டம் வந்தபோது சிறு சங்கடம். அளப்பதற்கு நெல் இல்லை. காற்றை அள்ளி அளந்து காட்டினோம். பலத்த கைதட்டல்.

சங்கம் ஒலிபெருக்கி வைத்துக் கூட்டம் போட்ட மார்கழியில் கம்பளி மப்ளர். பனிக்காகத்தான். கூட்டம் முடிகிறவரை இரண்டு காதும் மூடியிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

பிறகு ஆட்சி மாறியது. பண்ணையாரின் வேட்டிக்குக் கட்சிக் கரை வந்தது. மேடையில் 'மிராசுதார் அவர்கள்' போய் 'உழவர் தோழர் அவர்கள்' ஆனார். "பண்ணையடிமை முறை ஒழிக!" என்று தட்டி எழுதி, களத்து வாசலில் கட்ட வைத்தார். கட்டியது நாங்கள்தான்.

இத்தனை வருஷமும் நன்றியுரை என்னுடையது. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் தெருவில் நான் ஒருத்திதான். பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே முகம் தானாகச் சிரிப்பைப் போட்டுக்கொள்ளப் பழகிவிட்டிருந்தது. வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதும் அது கழலாது. அது என்னுடையது இல்லை என்று தெரியும். எங்கே கழற்றி வைப்பதென்றுதான் தெரியாது.

இந்த நிலையில்தான் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம். சட்டத்தைப் பண்ணையார் வரவேற்றார், கண்ணீர் மல்க வரவேற்றார். யார் யார் குடியிருக்கிறார்கள் என்று மறுநாள் விசாரிக்க வரவிருந்த தனித் தாசில்தாரையே, சாப்பாட்டோடு, கிறிஸ்துமஸ் விழாவுக்குத் தலைமை தாங்க அழைத்துவிட்டார்.

"வாங்கம்மா அமிர்தம்" என்றார் மைக்கில். என் பெயரோடு அவர் 'வாங்க' சேர்த்தது அன்றுதான்.

மேடையில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. பச்சை வண்ணம், மூடியில் ரோஜாப்பூ, பூட்டும் சாவியும். மேடையை ஒட்டி, காகித நட்சத்திரம் கட்டிய ஒரு மாட்டுவண்டி. மாடுகளுக்கும் ஜரிகைத்தாள் சுற்றியிருந்தது.

"பெட்டி நல்லாத்தாண்டி இருக்கு" என்று என் காதோரம் சொன்னார் கணவர் ரெத்தினம். "பூட்டெல்லாம் போட்டிருக்கான்."

"பூட்டி உள்ள என்ன வைக்கிறது?"

"நம்ம சாமான் செட்டுதான்."

"வச்சு?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் வண்டி அவர் கண்ணில் பட்டது.

இளையபெருமாள் குனிந்து எனக்கு விவரம் சொன்னார். "ரொம்பச் சுளுவு அமிர்தம். துணிமணிய பெட்டியில வச்சுக் காட்டு. மைக்குல ஒரே ஒரு வார்த்த. 'நாங்க இங்க குடியிருக்கல, தரங்கம்பாடியிலேருந்து பண்ணைக்கு விருந்தாளியா வந்திருக்கோம்.' அப்புறம் வண்டியில ஏறி உக்காரு. தாசில்தார் காதால கேட்டா போதும். நீ ஏறிட்டா உங்க தெருவே ஏறிடும்."

"நான் வந்து எத்தினி வருஷமாச்சுங்க! எம்புள்ளைங்க இங்கதான பொறந்துச்சு."

"போன எடத்துல புள்ள பெத்துக்கறது இல்லையா? நல்ல விருந்தாளின்னா கொஞ்சம் கூடத்தான் தங்குவாங்க."

பண்ணையார் வேதாகமத்தில் இறங்கிவிட்டார். "ஏசுநாதர் சொந்த வீட்லயா பொறந்தாரு? சத்திரத்துல எடமில்ல, மாட்டுக் கொட்டாயில பொறந்தாரு. பொறந்த கையோட அப்பா அம்மா அவரத் தூக்கிக்கிட்டு எகிப்துக்குக் கெளம்பிட்டாங்க. மனை குடுன்னு மனு போட்டாங்களா? அவங்களுக்கு ஒரு பெட்டி கெடச்சுதா? ஒரு வண்டி கெடச்சுதா? யோசிச்சுப் பாருங்க!"

கூட்டம் யோசித்தது. தாசில்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கழுத இருந்துச்சுங்க" என்றார் எங்கள் உபதேசியார், சன்னமாக. அது விழா நிகழ்ச்சியில் சேராது என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

மைக் என் பக்கம் திரும்பியது. களத்திலிருந்து பார்த்தால் எங்கள் தெரு தெரியும். ஒவ்வொரு மழைக்கும் கரைந்து, ஒவ்வொரு தையிலும் நான் மண் குழைத்துப் பூசிய சுவர் தெரியும். காரியஸ்தர் சொன்ன வாக்கியத்தை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். சொற்களெல்லாம் சரியாகவே இருந்தன. சொல்லி முடித்தபோது அதற்குள் நான் இல்லை.

மைக்கைக் கையால் ஒதுக்கினேன்.

"வேண்டாங்கய்யா" என்றேன். "பெட்டி வேண்டாம். வண்டியிலயும் நான் ஏறல."

"மைக்க விட்டுத் தள்ளிப் பேசுற! யாருக்கும் கேக்காது!" என்று பதறினார் இளையபெருமாள். எல்லாருக்கும் கேட்டிருந்தது. தெருப் பெண்கள் வண்டியைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தியும் அதில் கை வைக்கவில்லை.

தாசில்தார் நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்தார். "என்னம்மா இது? பண்ணையார் வருஷா வருஷம் உங்கள எவ்வளவு உபசரிச்சிருக்காரு. அப்ப நீங்க விருந்தாளி இல்லையா?"

"உபசரிச்சாருங்கய்யா" என்றேன். "ஆனா எந்த ஊர்லங்க விருந்தாளி நாத்து நட்டு, களை பறிச்சு, கதிரறுத்து, வீட்டுக்காரங்களுக்குச் சோறு போடுறாங்க?"