பூத்துவிட்டது, மச்சான், கேரவனுக்கு இடமில்லை

ப்ளாக்ஹீத்,
அக்டோபர் நீள்விடுமுறை, ஞாயிறு காலை

மதிப்பிற்குரிய மச்சான் கிளைவ் ஹாரப் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் நெவில் எழுதிக்கொள்வது. இங்கு நானும் பெரிலும் நலம். அங்கு டப்போவில் நீங்களும், காரில் கட்டி இழுத்துத் திரியும் உங்கள் கேரவன் வீடும் நலமாக, நின்ற இடத்திலேயே அசையாமல் இருக்க வேண்டும் என்பதே என் தினசரிப் பிரார்த்தனை.

விஷயத்துக்கு வருகிறேன். என் வாரட்டாச் செடி பூத்துவிட்டது. நேற்று காலை எட்டேகால் மணிக்கு, பின்கட்டுத் தோட்டத்தில், என் கைமுஷ்டியைவிடப் பெரிதாக, ரத்தச் சிவப்பில், ஒரே ஒரு பூ. ஆனால் எனக்கும் பெரிலுக்கும் நடந்த பந்தயத்தில் எத்தனை பூ என்று யாரும் சொல்லவில்லை. இந்த நீள்விடுமுறைக்குள் பூத்தால் இடம் செடிக்கு, பூக்காவிட்டால் அங்கே சிமென்ட் தளம் போட்டு உங்கள் கேரவனை நிரந்தரமாக நிறுத்துவது என்றுதான் பேச்சு. பெரில் அதைக் குளிர்பெட்டிமேல் மாட்டியிருக்கும் காலண்டரில் எழுதியே வைத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை வர வேண்டிய சிமென்ட்காரரிடம் நேற்றே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது, அந்த மனிதர் பயந்துபோயிருப்பார்.

நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் பாதி உங்களால் வந்தது. ஐந்து வருஷம் முன்னால் பெரிலின் ரோஜாக்களைக் கெஞ்சிக் கூத்தாடி அகற்றி இதை நட்டேன். இந்த மலையில் பாறை இடுக்கில் எவனும் தண்ணி ஊற்றாமல் தானாக வளர்கிற செடி, வீட்டில் வைத்தால் மட்டும் வராதா என்று நினைத்தேன். வரவில்லை. அப்போது ஊருக்கு வந்திருந்த நீங்கள்தானே யோசனை சொன்னீர்கள்? நம் ஊரில் எந்த வீட்டு ஆம்பளையும் சாயங்காலம் ரெண்டு பீர் உள்ளே போனதும் கொல்லைப்புற எலுமிச்சை மரத்தடியில் போய் ஒதுங்குவது வழக்கம், அதனால்தான் எலுமிச்சை அப்படிக் காய்க்கிறது, இதற்கும் அதே வைத்தியம் என்றீர்கள். நானும் புத்தி கெட்டுப்போய் ஒன்றரை மாசம் எலுமிச்சையைப் பட்டினி போட்டுவிட்டு இதற்கே சேவை செய்தேன். இலையெல்லாம் ஓரம் கருகி, சூடு வைத்தது மாதிரி ஆகிவிட்டது. கருகிய இலையை எடுத்துக்கொண்டு நர்சரிக்கார மர்லா அம்மாளிடம் போனால், அந்த அம்மாள் என்ன உரம் போட்டீங்க என்கிறாள், எனக்குப் பின்னால் சர்ச் பெண்கள் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். எரு என்றேன். என்ன எரு என்றாள். வீட்டு எரு என்றேன். கோழியா மாடா என்று விடாமல் கேட்டாள், கடைசியில் காதோரம் குனிந்து உண்மையைச் சொன்னேன். அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாளா? இல்லை.

"இது பட்டினி கிடந்து வளர்ற செடிங்க. விருந்து வெச்சுக் கொன்னுடாதீங்க" என்றாள். சர்ச் பெண்கள் இன்றுவரை என் முகத்தைப் பார்ப்பதில்லை.

சரி, பத்தியம் வைத்துக் கொஞ்சம் தேற்றிக்கொண்டு வந்தேன். அதற்குள் போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வந்தீர்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வந்தவர் ஈஸ்டர்வரை இருந்தீர்கள், அதை விடுங்கள். வந்த அன்றே நீங்கள் கேரவனை நிறுத்தப் பின்னால் எடுக்கும்போது நான் ரெண்டு கையையும் தூக்கி நில்லுங்க நில்லுங்க என்று கத்த, நீங்கள் கண்ணாடியில் பார்த்து, சிரித்து, பதிலுக்குக் கையாட்டிவிட்டு நேராகச் செடிமேல் ஏற்றினீர்களே, அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தரையோடு தரையாகப் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, மச்சான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மிஞ்சின அடித்தூரைச் சுற்றி வேலி போடக் கிளம்பினேன்.

"ஏங்க, செத்த குச்சிக்கு எதுக்கு வேலி? அண்ணன் வண்டி நிக்கட்டும்" என்றாள் பெரில். அந்தச் சண்டையில்தான் இந்தக் கெடு பிறந்தது.

அடுத்து வந்த பிப்ரவரியில் அடித்தூரிலிருந்து ஏழு துளிர் கிளம்பிற்று. மழைத்தண்ணீர் தவிர ஒரு சொட்டு எதுவும் காட்டவில்லை, பீர் குடித்தால் அந்தப் பக்கமே போகவில்லை. போன அக்டோபரில், பூக்க வேண்டிய வசந்தத்தில், ஒன்றுமில்லை. இந்தக் குளிர்காலத்தில் நாலு மொட்டு. வெள்ளைக் காக்கட்டூக் கிளிக் கூட்டம் வந்து மூன்றைக் கிள்ளிப் போட்டுவிட்டுப் போனது, தின்னக்கூட இல்லை, சும்மா கிள்ளிப் போட்டது. மிஞ்சின ஒன்றுக்குப் பெரில் சாப்பாட்டில் ஈ மொய்க்காமல் மூடுகிற வலைக்கூடையைக் கவிழ்த்துக் கட்டி, நாற்காலி போட்டு, மூன்று வாரம் காவல் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்குமேல் எட்டிப் பார்த்து, ஏன் நெவில், குஞ்சு பொரிக்கப் போகுதா என்று கேட்டார். இப்போது அதே மனிதர் போட்டோ எடுக்க வரிசையில் நிற்கிறார்.

பெரில் நேற்று நைட்டியோடு வந்து ரொம்ப நேரம் நின்று பார்த்தாள். "ஜெயிச்சுட்டீங்க" என்றாள். முப்பத்தெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் இந்த வார்த்தையை முதல்முறையாகக் கேட்கிறேன்.

ஆகவே மச்சான் அவர்கள் மனம் வருந்தாமல், கடற்கரைப் பக்கம் நல்ல கேரவன் பூங்காவாகப் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன். உங்களுக்கு நீண்ட ஆயுளும், நல்ல டயர்களும், எங்களுக்கு எதிர்த் திசையில் நல்ல சாலைகளும் அமைய வாழ்த்தும்,

தங்கள் அன்பு மைத்துனன்,
நெவில் ட்ரஸ்கட்

பி.கு.: ஞாயிறு மாலை. பூவைப் பார்க்க மர்லா அம்மாள் வந்தாள். செடியைச் சுற்றி வந்து, இவ்வளவு துணிச்சலாக அடியோடு வெட்டிவிட்டது யார் என்று கேட்டாள். நான் வானத்தைப் பார்த்தேன். "எங்க அண்ணன்தான்" என்றாள் பெரில். அந்தக் கெட்டுப்போன கட்டையெல்லாம் போனதால்தான் பிழைத்தது, இல்லாவிட்டால் ஜன்மத்துக்கும் பூத்திருக்காது, இந்தப் பூ உதிர்ந்ததும் மறுபடி அதே மாதிரி வெட்ட வேண்டும், அவரையே கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் தபால்தலை தேடிக்கொண்டிருக்கும்போதே பெரில் உங்களுக்குப் போன் செய்துவிட்டாள். நீங்கள் கிளம்பிவிட்டீர்களாம். முன்பக்கப் புல்வெளியில் உங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "அடுத்த பூ வர்ற வரைக்கும்" என்றாள்.

வெட்டினால் அதற்கு இரண்டு வருஷம் ஆகும்.