பெரட்டுக்கு ஆள் வராத காலை

மருத்துவம் படிக்கிறவனுக்கு முதல் வருடத்தில் எல்லா வியாதியும் தனக்கே இருப்பதாகத் தோன்றும். மூன்றாம் வருடத்தில் அவை சொந்தக்காரர்களுக்குப் போய்விடும். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று.

அறுபதுகளின் தொடக்கம். மனநோய் வைத்தியனாவது என்று கொழும்பில் முடிவெடுத்துவிட்டு, நோர்வூட் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்துக்கு லீவில் வந்திருந்தேன். (அம்மா இதை வெளியில் சொல்லவில்லை. பைத்தியத்துக்குப் பார்க்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்ற கவலை.) எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உடனே யாரையாவது குணப்படுத்தியாக வேண்டும். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி, போகிறவர் வருகிறவர் கண்களையெல்லாம் உற்றுப் பார்த்தேன்.

கடைசியில் மாமா அகப்பட்டார். கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டு இரண்டு வருடமாகியும், விடியுமுன் ஆட்களை எழுப்பத் தப்புப் பறை அடித்தால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் போய் நிற்பார். எல்லாரும் மலையேறிய பிறகு திரும்பி வருவார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்: தப்புச் சத்தத்துக்கு அடிமை. வைத்தியம், சத்தத்தை நிறுத்துவது.

தப்படிக்கும் மாரிமுத்து அண்ணனிடம், ஒரே ஒரு நாள் அடிக்காமல் இருங்கள், இது டாக்டர் சொல்கிற சோதனை என்றேன். (டாக்டராக இன்னும் சில வருடங்கள் இருந்தன.) அவர் நம்பிவிட்டார்.

மறுநாள் மாமா வழக்கமான நேரத்துக்கு எழுந்து போனார். மற்றவர்கள் எழவில்லை. தோட்டத்தை நடத்தும் துரை வந்தபோது களத்தில் நின்றது கணக்கப்பிள்ளையும் மாமாவும், குறிப்பெடுக்கப் போயிருந்த நானும்தான்.

மாரிமுத்து அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார்கள். வேலை போனால் லயத்துக் காம்பராவும் போகும், நான்கு பிள்ளைகளோடு ரோட்டில் நிற்க வேண்டும். ஆனாலும் அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் நோட்டைப் புரட்டிக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தாலும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஒருவழியாக, நான்தான் நிறுத்தச் சொன்னேன் என்று உளறினேன். துரைக்குக் கோபம் இன்னும் ஏறியது. யார் சொன்னாலும் நிறுத்திவிடுவாயா என்று மாரிமுத்து அண்ணன் பக்கமே திரும்பினார்.

மாமா முன்னால் வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க தொரை. என் மருமகன் படிச்சுப் படிச்சு மூளை கொழம்பி வந்திருக்கான். தப்புச் சத்தம் கேட்டா கத்துறான். பாவம் பாத்துத்தான் மாரிமுத்து அடிக்கல."

துரை என்னைப் பார்த்தார். கலைந்த தலை, இரவெல்லாம் தூங்காத கண், கையில் நோட்டு. மாரிமுத்து அண்ணனும் பார்த்தார். நான் தலையாட்டினேன். போதாதோ என்ற பயத்தில் ஒருமுறை கத்தியும் காட்டினேன்.

துரை இரண்டடி பின்னால் நகர்ந்து, நான் ஊருக்குப் போகும்வரை தப்பை மெதுவாக அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். மாரிமுத்து அண்ணனின் வேலை நிலைத்தது. வீட்டில் இன்றும் நான் குரலை உயர்த்தினால், தப்பை நிறுத்தச் சொல்லட்டுமா என்று என் மனைவி கேட்கிறாள்.

பிறகு நான் நிஜமாகவே மனநோய் வைத்தியனானேன். தூரத்துப் பூண்டுலோயாத் தோட்டங்களிலிருந்துகூட ஆட்கள் தேடி வந்தார்கள். பட்டத்தைப் பார்த்து வருகிறார்கள் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கதவுக்கு வெளியே ஒரு தாய், அழுகிற மகளிடம் சொன்னது காதில் விழுந்தது.

"பயப்படாதம்மா. இந்த டாக்டருக்கும் இருந்துச்சாம். நல்லாயிட்டாரு பாரு."

மறுத்துச் சொல்ல வேகமாக எழுந்து கதவைத் திறந்தேன். அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "ஆமாம்மா," என்றேன்.