ரோல்ஸில் கட்டிய அரண்மனை

டொரன்டோவில் வாடகை கட்ட வழியில்லாமல் முழித்த தமிழர்களுக்குள், ரஷ்யச் சக்கரவர்த்தியின் வீட்டுக்கூரை ஒழுகுகிறதே என்று சோறு இறங்காமல் கிடந்தவர் ஒரே ஒருவர்தான். அவர்தான் எங்கள் அரண்மனை அண்ணை.

எண்பத்தாறில் வோபர்னில் ஓர் அப்பார்ட்மென்டில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து இருந்தோம். அண்ணை லெனின்கிராடில் எஞ்சினியரிங் படித்தவர். இங்கே டோனட் கடையில் மா குழைத்தார். படிக்கிற காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காளான் பிடுங்கப் போனவர், ரொப்ஷா என்ற ஊரில் பாழடைந்து கிடந்த அரண்மனையைக் கண்டாராம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்! பனி கொட்டினால் நாங்கள் பஸ் ஓடுமா என்று பார்ப்போம். அண்ணை யன்னலில் நின்று, "ஐயோ, அங்கை கூரை தாங்காதடா" என்பார். குழாய் திருத்த வந்த கட்டடச் சூப்பரின்டென்டன்ட் அரண்மனைக் கதை கேட்டுப் பாதி வேலையில் ஓடிவிட்டான்.

தலை நரைக்கத் தொடங்கியும் கல்யாணம் ஆகவில்லை. வந்த சம்பந்தமெல்லாம் அந்த அரண்மனையில் முட்டி உடைந்தது. அடுத்ததும் குழம்பினால் கடைசிவரை தனிக்கட்டைதான் என்று அவரே பயந்துபோயிருந்த நேரத்தில், மோர்னிங்சைடில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனோம். அவள் தன் அக்கா குடும்பத்தோடு இருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் என்று நான் மட்டும்.

"அண்ணை, அரண்மனை எண்ட சொல்லே வாயிலை வரப்படாது."

"சத்தியமா வராதடா."

பெண்ணின் அத்தான், அதுதான் அக்காவின் புருஷன், பாவம், ஒன்றும் அறியாத மனிதர். "தம்பி ரஷ்யாவிலை எங்கை இருந்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டார். அண்ணையின் காலை மிதித்தேன். பிந்திவிட்டது. பலகாரத் தட்டை இழுத்தார். ரோல்ஸ்களைத் தூணாக நிறுத்தினார், மேலே வடையை அடுக்கிக் கூரை போட்டார்.

"இதுதான் முன்வாசல். மூண்டாம் பீட்டர் சக்கரவர்த்தியை மனிசிக்காரி சிம்மாசனத்தாலை இறக்கிப்போட்டு இங்கைதான் அடைச்சு வைச்சவ. கொஞ்ச நாளிலை ஆள் முடிஞ்சுது. அடிச்சுக் கொன்டுபோட்டாங்கள் எண்டு ஊரெல்லாம் கதை. மனிசி என்ன சொன்னவ தெரியுமோ? மூலவியாதியாம்!"

பெண் பார்க்க வந்த வீட்டில் புருஷனைத் தீர்த்த கதை! அத்தானுக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. நான் றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு அவசரமாகத் தேங்காய் நேர்ந்தேன்.

அறை வாசலில் நின்ற பெண் கேட்டாள்: "பிறகு அந்த வீட்டுக்கு என்ன நடந்தது?"

"உலகச் சண்டையிலை எரிஞ்சது. ஆமி திருத்திப்போட்டு அதுக்குள்ளை இருந்தது. பிறகு ஆமியும் விட்டிட்டுப் போட்டுது. இப்ப கண்ணாடியும் இல்லை, காரை கொட்டுது."

"அப்ப கூரையிலை பனி விழுந்தா ஆர் வழிக்கிறது?"

இத்தனை வருடத்தில் ஒரு சீவன் அண்ணையிடம் அதைக் கேட்டதில்லை. "ஒருத்தரும் இல்லை" என்றார்.

இந்தச் சம்பந்தம் இத்தோடு சரி என்று அத்தான் நினைத்தாரோ என்னவோ, பெருமூச்சு விட்டு ஒரு ரோல்ஸை எடுக்கக் கை நீட்டினார். பெண் ஓடிவந்து தட்டை மறித்தாள்.

"அத்தான், உதை எடுக்காதேங்கோ. உது தூண். கூரை விழுந்திடும்."

அண்ணை அவளை நிமிர்ந்து பார்த்தார். நான் சப்பாத்து நாடா கட்டுகிறவன்போலக் குனிந்துகொண்டேன். காலில் சப்பாத்தே இல்லை. எங்கள் மனிதருக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.