தப்பில்லாத ஹரிக்கேன்

எல்வின் ஒட்டிச் செய்த ஹரிக்கேன் போர்விமான மாடல் இரண்டு இறக்கையிலும் ரோஜா நிறப் பொட்டு வைத்துக்கொண்டு நின்றது.

அதற்குக் காரணம் இருந்தது. உலகப் போரில் பர்மா பக்கம் பறந்த பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்திலிருந்து நடுச் சிவப்பை எடுத்துவிட்டார்கள். ஜப்பான்காரன் சின்னமும் சிவப்பு வட்டம். அவசரத்தில் சொந்த ஆளே சுட்டுவிடுவான். எல்வினிடம் இருந்ததோ தண்ணீரில் ஊறவைத்து ஒட்டுகிற பழைய டெக்கால். சிவப்போடு அச்சடித்தது, அவனைவிட வயதில் மூத்தது, மஞ்சளேறிக் கிடந்தது. மஞ்சள் போகட்டும் என்று ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் காட்டினான், நீலமும் வெளுத்தது. தண்ணீரில் போட்டான், அப்பளமாக நொறுங்கியது. துண்டுகளை ஊசிமுனையில் சேர்த்து ஒட்டி, சிவப்பின்மேல் வெள்ளை பூசினான். சிவப்பு கசிந்து ரோஜாவாயிற்று. இன்னொரு தடவை பூசினான். இன்னும் நல்ல ரோஜா.

“இன்னா எல்வினு, லேடீஸ் பிளேனா?” என்றார் ஃப்ளோரா டீச்சர். கிறிஸ்மஸுக்கு முன்னால் அந்தத் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் சர்ச் ஹாலில் நடக்கும் கைவேலைக் கண்காட்சி அவர் பொறுப்பு.

எல்வினின் கண் பக்கத்து மேஜையில் இருந்தது. அங்கே மைசூர் மைன்ஸ் பகுதித் தசரதனின் விமானம். அதே ஹரிக்கேன். சின்னங்கள் ஒட்டியது போலவே இல்லை, கூடவே பிறந்தது போல இருந்தன. கூட்டமெல்லாம் அங்கேதான். தசரதனுக்குப் பக்கத்தில் அவர் மனைவி மமதா டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். எல்வினுக்கு வயிறு எரிந்தது. விமானத்தாலா, டப்பாவாலா என்று அவன் யோசிக்கவில்லை.

பரிசு எப்போதும் தசரதனுக்குத்தான். ஆனால் அவர் விமானத்தில் ஏதாவது ஒரு சின்னம் தப்பாக இருக்கும். எல்லார் முன்னாலும் எல்வின் அதில் விரல் வைப்பான். தசரதன் தலையைச் சொறிவார். அந்த வெற்றியை ஸ்கூட்டரில் வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே போவான்; பின்னால் உட்கார்ந்து அவன் மனைவி பியூலா ‘உம்’ கொட்டுவாள். பிப்ரவரியில் பியூலா இறந்துபோனாள். இந்த வருஷம் அவனுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு தப்புதான்.

அது கிடைக்கவில்லை.

“பிளேன் நம்பர் தப்புண்ணா,” என்றான்.

தசரதன் போனில் பழைய போட்டோவைக் காட்டினார். நம்பர் சரி.

“வால்ல சிவப்புக் கோடு எங்க?”

“சிவப்பு வெச்சிட்டாருன்னு போன வருஷம் நீதானேப்பா கத்துனே?” என்றார் ஃப்ளோரா டீச்சர். கூட்டம் சிரித்தது.

“லென்ஸ் வேணுமா எல்வினு?” தசரதன் நிஜமாகவே நீட்டினார்.

வாங்கினான். குனிந்தான். சட்டைப் பையிலிருந்த பேனா நழுவி விழுந்து, தசரதனின் புரொப்பெல்லர் ஒடிந்தது.

கூட்டம் எட்டிப் பார்த்தது.

“வுடுப்பா,” என்றார் தசரதன், ஏதோ பாரம் இறங்கியது போல. “இப்பவாவது ஒரு தப்பு கெடச்சுதே.”

“கிண்டலாண்ணா?” என்றான் எல்வின். “இத்தினி வருஷம் தப்புத் தப்பா ஒட்டிகினு இருந்தீங்க. இந்த வருஷம் பார்த்துதான் திருந்தணுமா?”

மமதா டப்பாவைத் திறந்து ஒரு வடையை அவன் கையில் வைத்தாள்.

“அவரைத் திட்டாதேப்பா. ‘அண்ணா, எங்கியாவது ஒரு தப்பு வைங்க, அதைக் கண்டுபுடிச்சா அவரு ஒரு வாரம் சிரிச்சிகினே இருப்பாரு’ன்னு வருஷா வருஷம் பியூலாதான் வூட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போவா, இந்த வருஷம் யாரும் வந்து சொல்லலியே?”