இட்லித் தட்டும் அக்காவின் வாயும்

குழித்துறையில் மூக்கில்லாத மனிதர்களை உண்டாக்கியவர் வெட்டம் அண்ணாச்சி ஒருவர்தான். எங்கள் பக்கம் வெளிச்சத்தை வெட்டம் என்போம். சந்தைக்குப் பக்கத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த அவருக்கு நிழல் என்றாலே ஆகாது. எங்கள் ஊர் அப்போது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. துளி நிழல் விழாமல் படம் எடுத்தே தீருவேன் என்று கிளம்பியவர், ஒருநாள் வீட்டு இட்லித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

தட்டின் நடுக்குழியை வெட்டி, அந்த ஓட்டையில் கேமரா லென்சை நுழைத்தார். சுற்றியிருந்த ஆறு குழிகளிலும் ஆறு பிளாஷ் பல்பு. டார்ச் பேட்டரிகளை இடுப்பில் கட்டிக்கொண்டு, கல்யாண வீடு, கோயில் கொடை என்று எங்கும் அதோடுதான் போவார். பொத்தானை அமுக்கினால் ஆறும் ஒன்றாக மின்னும். சந்தைக் கோழிகள் பட்டப்பகலில் கூவும். ஒரு பல்பு ஒரு தடவைக்குத்தான். சூடாறுமுன் ஈரத் துண்டால் பிடுங்கிப் போட்டு அடுத்த ஆறை மாட்டுவார். அன்றோடு அவர் வீட்டில் இட்லி நின்றது. அவர் மனைவி புட்டிலேயே காலத்தை ஓட்டினார்.

நிழல் போனது, கூடவே மூக்கும் போனது. சுற்றிவர அடித்த வெளிச்சத்தில் முகமெல்லாம் தோசை மாதிரி தட்டையாகிவிடும். படம் வாங்க வந்த தேங்காய் வியாபாரி, "எனக்க மூக்கு எங்க ஓய்?" என்று கேட்டார்.

அண்ணாச்சி அசரவில்லை. "அது உம்ம மொகத்துல இருக்கில்லா? படத்துல நெழல் இருக்கா, அதச் சொல்லும்."

வியாபாரி அடுத்த பஸ்ஸில் நாகர்கோவில் போய் மூக்கோடு படம் எடுத்துக்கொண்டார். ஊரில் பாதிப் பேர் அந்த பஸ்ஸில்தான் போனார்கள்.

என் அக்காவுக்குப் பிறவியிலேயே மேலண்ணத்தில் பிளவு. பேசினால் சொல்லெல்லாம் மூக்கில் கரைந்துவிடும். இருபது வயதில், வெளியார் முன்னால் பேசுவதையே விட்டுவிட்டாள். மதராஸில் ஒரு சர்ஜன் இதைத் தைத்து மூடுகிறார் என்று கேள்விப்பட்டு எங்கள் டாக்டரம்மா கடிதம் எழுதினார். பிளவு தெளிவாகத் தெரியும்படி படம் அனுப்புங்கள், பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று பதில் வந்தது. இரண்டு ஸ்டுடியோக்காரர்கள் முயன்றார்கள். பக்கத்திலிருந்து அடித்த வெளிச்சத்தில் பல்லின் நிழல் விழுந்து, வாய்க்குள் ஒரே கறுப்பு. இன்னும் ஒரே தடவைதான், பிறகு யார் முன்னாலும் வாயைத் திறக்கமாட்டேன் என்று அக்கா அழுதாள். எனக்கு அண்ணாச்சி ஞாபகத்துக்கு வந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் நேரே குளச்சல் போனார். வாய் பெரிய களவா மீன் ஒன்றை வாங்கிவந்து, குச்சியால் முட்டுக்கொடுத்துத் திறந்து, சாயங்காலம்வரை அதன் தொண்டையைப் படமெடுத்துப் பழகினார். குழம்பில் கிடந்தபோதும் மீனுக்குக் கண் கூசிக்கொண்டுதான் இருந்தது என்றார் அவர் மனைவி.

மறுநாள் அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். அண்ணாச்சி பொத்தானை அமுக்கினார். இட்லித் தட்டு ஒருமுறை மின்னியது, அவ்வளவுதான். படத்தில் அண்ணத்தின் ஒவ்வொரு மடிப்பும், பிளவின் இரண்டு ஓரமும் தெரிந்தன. சர்ஜன் உடனே புறப்பட்டு வரச் சொன்னார்.

ஆபரேஷன் முடிந்து, பேச்சுப் பழகி, எட்டு மாதம் கழித்து அக்கா ஊருக்கு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கினால், ஸ்டுடியோ கண்ணாடிப் பெட்டியில் கல்யாண ஜோடிகளுக்கு நடுவே அவள் வாய் பெரிதாகத் தொங்குகிறது. யாருடைய வாய் என்று அண்ணாச்சி யாரிடமும் மூச்சுவிடவில்லை. தான் எடுத்ததிலேயே உச்சம் அதுதான் என்று மட்டும் ஊரெல்லாம் சொல்லியிருந்தார்.

அக்கா விறுவிறுவென்று உள்ளே போனாள். "அண்ணாச்சி, எனக்க வாய எதுக்கு நாலு பேரு பாக்க மாட்டி வச்சிருக்கீரு? இப்பமே எடுத்து உள்ள வையும்."

ஒவ்வொரு எழுத்தும் தெருவரை கேட்டது. அண்ணாச்சி ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். முகமெல்லாம் பெருமை.

"இன்னும் ஒருக்கா ஏசு மக்கா," என்றார்.

அக்கா ஏசினாள். பாதியில் இரண்டு பேருக்கும் அழுகை வந்துவிட்டது. அப்படி ஒரு கிறுக்கர் எங்கள் தெருக்காரர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் அவ்வளவு பெருமை, அவர்மேல் அவ்வளவு பிரியம்.