சாய்வு நாற்காலி மீட்புத் திட்டம்

அன்று மாலை ஒரு முடிவோடு வீட்டுக்குப் போனேன். இன்றோடு பயம் ஒழிந்தது!

எல்லாம் எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் நடந்த பயிற்சி வகுப்பின் புண்ணியம். சங்கடமான விஷயத்தை நேருக்கு நேர் பேசாதவன் தனக்கே தலைவனாக முடியாது என்றார் பயிற்சியாளர். வழியும் சொன்னார். முதலில் நம் தப்பை நாமே ஒப்புக்கொள்ள வேண்டுமாம். உடனே எதிராளி மனம் இளகித் தன் தப்பையும் கக்கிவிடுவாராம். இருபது வருஷமாக ஊருக்கே கண் பரிசோதிக்கிறவன் நான். "உங்களுக்குப் பார்வை சரியில்லை" என்று யார் முகத்துக்கும் நேரே சொல்லிவிடுவேன். வீட்டில் மட்டும் வாயே திறக்காது.

என் சங்கடம், என் சாய்வு நாற்காலி. பால்கனியில் இருந்தது. ஆறு வாரமாகக் காணோம். கேட்டால், "ரிப்பேருக்குப் போயிருக்கு" என்பாள் மனைவி. ஆறு வாரத்தில் ஒரு காட்டையே நாற்காலியாக்கிவிடலாம்! சந்தேகமே இல்லை, அது என் மச்சான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் நின்று தொண்டையைச் செருமினேன்.

"இதோ பாரு, நாம கொஞ்சம் மனசு விட்டுப் பேசணும்."

"பேசுங்க. இந்தப் போர்வை முனையைப் பிடிச்சுக்கிட்டே பேசுங்க."

பிடித்துக்கொண்டேன்.

"உன் நீலப் புடவையைக் கருக்கினது இஸ்திரிக்காரர் இல்ல. நான்தான்."

"ம்."

"என்ன, ம்?"

"அன்னிக்கே தெரியும். மேல சொல்லுங்க."

இளகவில்லை. பெரிய தப்பாகவே எடுத்து விட்டேன்.

"காலையில வாக்கிங் போறேன்ல? போறதே இல்ல. கீழ் வீட்டுத் தபால்காரர்கிட்ட போய்க் காபி குடிச்சு, பேப்பர் படிச்சு, வாசல் குழாயில முகத்தை நனைச்சு, வேர்வைன்னு வந்துடறேன்."

"அங்க தரையிலயா உக்காருவீங்க?"

"சேச்சே! பச்சை உறை போட்டு ஒரு சாய்வு நாற்காலி வெச்சிருக்கார். என் முதுகுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். யார் கேட்டாலும் குடுத்துடாதீங்கன்னு நானே அவர்கிட்ட சொல்லியிருக்கேன். சரி, நான் ஒப்புக்கிட்டேன். இப்ப நீ சொல்லு. என் நாற்காலி எங்க?"

அவள் நிதானமாகப் போர்வையை நாலாக மடித்தாள்.

"அவர் வீட்டுல இருந்ததே ஒரு நாற்காலி. அதுல நீங்க உக்காந்துட்டா பாவம், மனுஷன் நின்னுக்கிட்டே பேப்பர் படிச்சிருக்கார். மேல வந்து சொன்னார். நம்ம நாற்காலிக்குப் பச்சை உறை தைச்சு அனுப்பி வெச்சேன்."

"அப்ப நான்..."

"ஆறு வாரமா அதுலதான் உக்காந்திருக்கீங்க. கண்ணைக் காட்டுங்கன்னு சொல்லலாம்னு பார்த்தேன். யார்கிட்ட காட்டுவீங்க?"

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே!"

"நீங்களா வந்து சொல்லணும்னு இருந்தேன். சர்க்கரை ஏறியிருக்குன்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து எனக்குத்தான் நெஞ்சு பதறுது." குரல் கொஞ்சம் உடைந்தது. "போகட்டும், ஒப்புக்கிட்டீங்க. ஷூ கதவுகிட்ட இருக்கு."

மறுநாள் காலை ஆறரை மணிக்கு எதிர்ப் பூங்காவில் மூன்றாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தேன். தபால்காரர் வீட்டு ஜன்னலோரம், என் நாற்காலியில் சாய்ந்தபடி, என் காபியைக் குடித்துக்கொண்டே சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தாள் என் மனைவி.